கிளைடரில் தண்ணீர் ஏற்றுவது எப்படி? எடைக் கணக்கோடு

எஞ்சினே இல்லாத விமானத்தில் போய் யாராவது 175 லிட்டர் தண்ணீரை ஏற்றுவார்களா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இறக்கத்தில் சைக்கிள் விட்டிருப்பீர்களே, தனியாக வருவதைவிட கேரியரில் ஒருத்தரை உட்கார வைத்து வந்தால் பிய்த்துக்கொண்டு போகும். கிளைடருக்கு எப்போதுமே இறக்கம்தான். எடை கூடினால் சறுக்கிப் போய்ச் சேரும் தூரம் ஏறக்குறைய அதேதான், வேகம் மட்டும் கூடும். ஆனால் தெர்மலில், அதாவது மேலெழும்பும் சூடான காற்றில், சுற்றி மேலே ஏறும்போது மேட்டில் டபுள்ஸ் மிதிக்கிற கதைதான்.

படி 1: கணக்கு. போட்டிகளில் ஸ்டாண்டர்ட் பிரிவு என்றால் 15 மீட்டர் இறக்கை, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் மடங்கும் பகுதி) கிடையாது, மொத்த எடை 525 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வெறும் கிளைடர் 255 கிலோ, நீங்கள் 80, பாராசூட்டும் மற்ற சாமான்களும் 15 என்று வையுங்கள், 350 ஆகிறது. மீதி 175 கிலோவும் தண்ணீர். 105 கிலோ ஆள் அதே கிளைடரில் ஏறினால் 150 லிட்டரோடு நிறுத்த வேண்டும். ஆக, கிளம்பும்போது இருவரும் 525தான், யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. (கிளைடரின் கையேட்டில் இதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் கையேடு சொல்வதுதான் சட்டம்.)

எடை ஒன்றரை மடங்கானால் வேகம் அதன் வர்க்கமூலத்தால் கூடும். 100 கிமீ வேகத்தில் நன்றாகச் சறுக்கியது இப்போது 122-இல் சறுக்கும். அதே சாய்வில் சுற்றினால் வட்டத்தின் ஆரமும் ஒன்றரை மடங்கு, சின்ன தெர்மல் என்றால் வெளியே தள்ளிவிடும்.

படி 2: ஊற்றுவது. குழாயை நேராக இறக்கைக்குள் இருக்கும் தொட்டியில் செருகி அழுத்தத்தோடு திறக்கவே திறக்காதீர்கள், காற்றுத் துளை அடைத்திருந்தால் இறக்கையே வெடித்துப் பிளந்துவிடும். அளவு போட்ட கேனில் பிடித்துப் புனல் வைத்து ஊற்றுங்கள். நான் முதன்முதலில் எடுபிடியாகப் போன போட்டியில் கேனை எண்ணுவதில் குழம்பி, வலப்பக்கம் ஒன்று கூடுதலாக ஊற்றிவிட்டேன். இறக்கைகளை மட்டமாகப் பிடித்துக் கையை விட்டதும் வலது முனை தொப்பென்று புல்லில் உட்கார்ந்தது. நல்லவேளை, இழுத்துக் கிளம்பும் முன்பே பார்த்தோம். கனமான பக்கத்து வால்வைக் கொஞ்சம் திறந்து, இரண்டும் சமமாக நிற்கும்வரை விடுங்கள்.

படி 3: வால் தொட்டி. பல கிளைடர்களில் இறக்கைத் தண்ணீர் மூக்கைக் கனக்க வைக்கும், அதை ஈடுகட்ட வாலில் சில லிட்டர். இங்கேதான் உண்மையான ஆபத்து. உயரத்தில் வால் வால்வு உறைந்து, இறக்கைத் தண்ணீர் மட்டும் வெளியேறினால் எடை மையம் பின்னால் போய்விடும், அப்புறம் ஸ்பின் விழுந்தால், அதாவது கட்டுப்பாடு இழந்து சுழன்றுகொண்டே கீழே போனால், மீள்வது கஷ்டம். வெளி வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும் நாளில் வாலில் தண்ணீரே வேண்டாம் என்பது என் கட்சி.

படி 4: தராசு. போட்டியில் கிளம்பும் வரிசைக்குப் போகும் வழியில் கிளைடரை எடை போடுவார்கள். கூடினால் தண்ணீரை இறக்க வேண்டும், அபராதப் புள்ளியும் விழலாம்.

படி 5: எப்போது கொட்டுவது? சராசரி ஏற்றம் நொடிக்கு 2 மீட்டருக்குக் கீழே போனால் யோசிக்க ஆரம்பியுங்கள். தெர்மலில் உங்களுக்குக் கீழே ஆள் இருந்தால் அவர் தலையில் கொட்டாதீர்கள். காலியாக நிமிடக்கணக்கில் ஆகும், அதனால் இறங்க வருமுன்பே வால்வைத் திறந்துவிடுங்கள்.

கொட்டிய பிறகு சமத்துவம் போச்சு. 80 கிலோ ஆள் 350-க்கு வந்துவிடுவார், 105 கிலோ ஆள் 375-க்குக் கீழே இறங்க வழியே இல்லை. பலவீனமான நாளில் ஒல்லிக்காரர் மேலே போய்க்கொண்டே இருப்பார். தண்ணீருக்கு அனுமதியே இல்லாத கிளப் பிரிவில், வெயில் நன்றாக அடிக்கும் நாளில் கதை தலைகீழ், குண்டானவருக்குத்தான் கொண்டாட்டம். அதனால்தான் அங்கே அந்த ரக கிளைடருக்கென்று வைத்த குறிப்பு எடையைத் தாண்டினால் ஹேண்டிகேப்பை (வெவ்வேறு கிளைடர்களைச் சமன் செய்யும் எண்ணை) மாற்றுகிறார்கள். எனவே அந்தப் பிரிவில் பறப்பதாக இருந்தால், பதிவு செய்வதற்கு முன் பாராசூட்டைக் கட்டிக்கொண்டே ஒருமுறை எடை மெஷினில் ஏறிப் பாருங்கள்.