பல்லாவரம், திரிசூலம் மலைகளில் பழைய கல்குவாரிகளை வான்படத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய குவாரியைத் தேடுகிறவர்கள் முதலில் குழியைத் தேடுவார்கள். நான் குழியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். குழி ஏமாற்றும். தண்ணீர் நிறைந்து குளமாகியிருக்கும், இல்லையென்றால் குப்பை கொட்டி மூடி, மேலே வீடே கட்டியிருப்பார்கள். கல்லை இறக்கிக் கொண்டுபோன பாதையும், வேண்டாமென்று சரிவில் தள்ளிய கழிவும் அவ்வளவு சீக்கிரம் மறையாது.

நான் குரோம்பேட்டைக்காரன் என்பதால் பக்கத்து மலைகளையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே இருப்பது சார்னோகைட் பாறை. புதிதாக உடைத்தால் நீலம் கலந்த சாம்பல் நிறம், வெயிலும் மழையும் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். அதனால் படத்தில் வெளிறிப் பளிச்சென்று தெரியும் முகப்பு (கல் வெட்டிய பாறைச் சுவர்) சமீபத்தில் உடைத்தது, சுற்றுப்பாறையோடு நிறம் ஒன்றிப்போனது பழையது என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். (1863-ல் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். அதுவும் ஜல்லிக்காகத் தோண்டிய ஒரு குழியில்!)

கணினியில் கூகுள் எர்த் ப்ரோ இலவசம். அதில் பழைய படங்களைக் காட்டும் கடிகாரப் பொத்தானை அழுத்தி, டிசம்பர் அல்லது ஜனவரி மாதப் படமாகப் பார்த்து எடுங்கள். ஜூனில் சூரியன் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும், நிழல் அதிகம் விழாது. டிசம்பரில் தெற்கே சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும்.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை உண்டு. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் வடக்கு மேலே இருக்கும் படத்தில் டிசம்பர் வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் பள்ளம் மேடாகவும், மேடு பள்ளமாகவும் தெரியும். படத்தைச் சுழற்றித் தெற்கை மேலே கொண்டுவாருங்கள். மேடு என்று நினைத்தது சட்டென்று உள்ளே இறங்கும். சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் இதைச் செய்துவிடுவது நல்லது.

அப்புறம் கழிவைத் தேடுங்கள். வண்டியில் கொண்டுவந்து விளிம்பிலிருந்து கவிழ்த்த கல்லும் மண்ணும் சரிவில் விரித்த கைவிரல்கள் போல இறங்கியிருக்கும். மேற்பரப்பு தட்டையாக இருக்கும், அடிப்பக்கம் அகன்றிருக்கும். சீமைக்கருவேலம் அங்கங்கே திட்டுத்திட்டாக முளைத்திருக்கும். மலைச்சரிவு தானாக உருண்டால் மேலே தட்டையான மேடை வராது.

பாதை இன்னும் நல்ல சாட்சி. திருநீர்மலைக் கோயில் படிக்கட்டைப் பாருங்கள், மனிதர் ஏறுவதற்கானது, நேரே மேலே போகிறது. கல் ஏற்றிய வண்டிக்கு அது ஆகாது. அகலமாக, சரிவுக்குக் குறுக்கே மெதுவாக ஏறும் பாதைதான் வேண்டும். அப்படி ஒரு தடம் மலை மேல் ஏறி, எந்த ஊருக்கும் போகாமல், ஒரு பாறைச் சுவரில் முட்டி நின்றால் பாதி வேலை முடிந்தது.

இப்போது குழிக்கு வருவோம். சரிவை அரைவட்டமாக வெட்டிய செங்குத்து முகப்பும், அதன் காலடியில் சமதளமும் சேர்ந்து இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் அதே இடத்தின் மே மாதப் படத்தையும் பாருங்கள். ஏரி கோடையில் சுருங்கி, சுற்றிலும் காய்ந்த மண் வளையம் விடும். ஆழமான கல்குட்டையில் கரை செங்குத்து என்பதால் நீர் இறங்கினாலும் பரப்பு பெரிதாக மாறாது. ஓரங்களும் நேர்கோடாக, மூலைகளோடு இருக்கும்.

தானாகவே தகடு தகடாக உரிந்த மொட்டைப்பாறை நிறையப் பேரைக் குழப்பும். அதற்குப் பாதையும் கிடையாது, கழிவும் கிடையாது. வீட்டுமனைக்காக வெட்டிய சரிவு வேறு ரகம், அதன் கீழே தெருக்கள் வந்துவிடும்.

2000-க்கு முந்தைய நிலைமை தெரிய வேண்டுமா? அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995-ல் பொதுவுக்கு வந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் (USGS) எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில், ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். கறுப்பு வெள்ளைதான், ஆனால் நல்ல படத்தில் சுமார் 2 மீட்டர் அளவுள்ளது வரை தெரியும். இன்று கட்டடங்களுக்கு அடியில் போன குவாரிக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

கூகுள் எர்த் காட்டும் நில உயரத்தை மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம். சிறு குவாரிகளை அது வழுவழுவென்று மழுப்பிவிடும். நெருப்பு மூட்டிப் பாறையைத் தகடாகப் பெயர்த்த இடங்களும், ஆப்பு அடிக்க உளியால் கொத்திய குழி வரிசைகளும் செயற்கைக்கோளில் சிக்கவே சிக்காது. ஒவ்வொரு குழியும் சில சென்டிமீட்டர்தான். மாமல்லபுரம் பாறைகளில் அவற்றை நேரில் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

ட்ரோன் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். திரிசூலத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அது சிவப்பு மண்டலம், மத்திய அரசு அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. வேறு மலை என்றாலும் அந்த வரைபடத்தை முதலில் பாருங்கள். பச்சை மண்டலமாக இருந்தால் காலை ஏழு மணி வெயிலில் சாய்வாக எடுங்கள்.

கடைசியில் நடந்துபோய்ப் பார்க்கத்தான் வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், முகப்பின் மேல் விளிம்புக்குப் போகாதீர்கள், குட்டையில் இறங்கவே இறங்காதீர்கள். கரையிலிருந்து ஓரடி தாண்டினாலே ஆள் முழுகும் ஆழம் இருக்கும்.