சால்மன் ஹேச்சரித் திட்டத்தை எங்கிருந்து படிப்பது?

பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருப் பெண் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு தடிமனான பிடிஎஃப் அனுப்பி, "அண்ணா, அசைன்மென்ட், இதை எங்கேருந்து படிக்கிறது?" என்று கேட்டாள். அமெரிக்காவில் ஒரு ஸ்டீல்ஹெட் ஹேச்சரியின், அதாவது மீன்குஞ்சு பொரிப்பகத்தின், மேலாண்மைத் திட்டம் அது. ராயபுரத்தில் இருந்துகொண்டு இது நமக்கெதற்கு என்று தோன்றும். ஆனால் ஸ்டீல்ஹெட் ஒன்றும் அன்னியமில்லை, நீலகிரி அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே ரெயின்போ டிரவுட், அதே இனம்தான், சால்மன் குடும்பம், கடலுக்குப் போய்விட்டு முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் பெயர் மாறிவிடும். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். இதை ஏன் எழுதினார்கள் என்று முதலில் புரிய வேண்டும். 1973-ல் வந்த அமெரிக்கச் சட்டம் உயிரினங்களை இரண்டு தட்டில் வைக்கிறது: அழிவின் விளிம்பில் இருப்பவை, அந்த நிலைக்குப் போகக்கூடியவை. முதல் தட்டுக்குப் பாதுகாப்பு தானாக வந்துவிடும், இரண்டாவதற்கு 4(டி) என்ற பிரிவின்கீழ் தனியாக விதி போட வேண்டும். சால்மனிலும் ஸ்டீல்ஹெட்டிலும் பல கூட்டங்களுக்கு 2000-ல் அப்படிப் போட்டார்கள். பிடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, தொந்தரவு செய்யக் கூடாது. சரி, தாய்மீனைப் பிடிக்காமல் ஹேச்சரிக்காரர் முட்டை எடுப்பது எப்படி? அதற்குத்தான் விதியில் ஐந்தாவதாக ஒரு விலக்கு. திட்டத்தை எழுதிக் கொடுத்து நோவா என்ற அமெரிக்கக் கடல், வளிமண்டல அரசு அமைப்பின் மீன்வளப் பிரிவின் ஒப்புதலை வாங்கிவிட்டால் அந்தத் தடை பொருந்தாது, ஆனால் ஒப்புதலுக்கு முன் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். ஆக, நீங்கள் கையில் வைத்திருப்பது சலுகை கேட்கும் மனு. மனுவைப் படிக்கிற கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

நேராகத் தாய்மீன் பகுதிக்குப் போங்கள். எந்த ஆற்று மீன், எத்தனை எடுக்கிறார்கள், ஆற்றில் மிச்சம் எத்தனை என்று பாருங்கள். ஆற்றுக் கூட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தால், அதிலிருந்து தாய்மீன் எடுப்பது அந்தக் கூட்டத்தைத் தேற்றுவதற்காக மட்டுமே இருக்கலாம், தூண்டில்காரருக்கு மீன் கொடுப்பதற்காக இருக்கக் கூடாது.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஹேச்சரித் தாய்மீன்களில் ஆற்றில் பிறந்தவை 60 சதவீதம், ஆற்றில் முட்டையிடுபவற்றில் ஹேச்சரியில் பிறந்தவை 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 90-ஆல் வகுத்தால் 0.67. மீனின் பரம்பரைக் குணத்தை ஆறு வளைக்கிறதா, ஹேச்சரித் தொட்டி வளைக்கிறதா என்பதற்கு இந்த எண்தான் அளவு. முக்கியமான கூட்டங்களுக்கு 0.67-க்குக் கீழே போகக் கூடாது என்பது அங்குள்ள ஹேச்சரி அறிவியல் ஆய்வுக் குழுவின் பரிந்துரை. 60 இருந்த இடத்தில் 20 போட்டுப் பாருங்கள், 0.4-க்கு விழுந்துவிடும். அதனால் என்ன என்று கேட்டால், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டை மரபணு வைத்துப் பார்த்து 2007-ல் வந்த ஆய்வு இருக்கிறது: தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது.

அடுத்தது அடையாளம். காசிமேட்டில் கெளுத்தி வாங்கும்போது முதுகை ஒரு தடவை தடவிப் பாருங்கள், முள்துடுப்பைத் தாண்டி வாலுக்குக் கொஞ்சம் முன்னால் முள்ளே இல்லாமல் காது மடல் மாதிரி ஒரு சதைத் துடுப்பு கையில் தட்டும். சால்மனுக்கும் அது உண்டு. ஹேச்சரிக் குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிட்டு ஆற்றில் விடுவார்கள். 2005-ல் திருத்திய விதிப்படி, அந்தத் துடுப்பு இருக்கிற மீனுக்குத்தான் தடையின் பாதுகாப்பு, ஹேச்சரியில் பிறந்து பட்டியலில் சேர்ந்த மீனாக இருந்தாலும் வெட்டியிருந்தால் கிடையாது. ஒரு கத்தரி வெட்டில் சட்டமே மாறுகிறது! அதனால் எத்தனை சதவீதம் வெட்டுகிறார்கள் என்று தேடுங்கள். வெட்டாமல் விட்டால் உடனே குற்றம் சொல்லவும் வேண்டாம், கூட்டத்தைத் தேற்றும் திட்டங்களில் தூண்டில்காரர் எடுத்துப் போகாமலிருக்க வேண்டுமென்றே வெட்டாமல் விடுவதுண்டு. அப்போது 1.1 மில்லிமீட்டர் நீளத்தில் குறியீடு பொறித்த கம்பித் துண்டை மூக்குப் பகுதியில் செலுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள், பிற்பாடு எந்த ஹேச்சரி மீன் என்று சொல்வது அதுதான்.

நோய், தீவனம் பகுதியை வேகமாகப் புரட்டலாம். விடும் இடத்தில் மட்டும் நில்லுங்கள், ஹேச்சரியிலிருந்து லாரியில் ஏற்றித் தூரத்தில் கொட்டினால் வளர்ந்த மீன் வேறு ஆற்றுக்கு வழிதவறிப் போக வாய்ப்பு அதிகம்.

நாளைக்கு எண்ணூர் கழிமுகத்திலோ பழவேற்காட்டிலோ கொடுவாக் குஞ்சு விட யாராவது வந்தாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்: தாய்மீன் எங்கே பிடித்தது, விட்டதை எப்படி அடையாளம் காண்பது, திரும்ப எண்ணப்போவது யார். எத்தனை லட்சம் விட்டோம் என்பது போட்டோவுக்கு உதவும் எண். 2023 டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர்கள், தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பார்கள்.

கடைசியாகக் கண்காணிப்புப் பகுதி. "கண்காணிக்கப்படும்" என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் யார், எப்போது, எந்த எண்ணைத் தாண்டினால் குஞ்சு விடுவதைக் குறைப்பார்கள் என்று மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை மஞ்சள் மார்க்கரால் அடியுங்கள். நேற்று ராத்திரி அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பாதிப் பக்கம் மஞ்சள், அசைன்மென்ட்டை அங்கிருந்தே தொடங்கச் சொல்லிவிட்டேன்.