முதியவரின் சர்க்கரையும் மறதியும்: வீட்டில் நேரும் தவறுகள்

நீரிழிவு என்றதும் கண், சிறுநீரகம், கால், இதயம் என்று உறுப்புகளின் பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. மூளை அந்த வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கிறார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் "மாத்திரையை நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறீர்களா, கணக்கு வழக்கெல்லாம் முன்போல் ஓடுகிறதா" என்ற கேள்வியை அபூர்வமாகத்தான் யாரும் கேட்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 1999-லேயே சொல்லிவிட்டது. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் சுமார் ஒன்றரை மடங்கு என்றும், இரத்தக்குழாய் பழுதால் வரும் வகையில் அதைவிட அதிகம் என்றும் தெரிந்தது. சர்க்கரை உள்ள எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்பது இதன் பொருளல்ல, பெரும்பாலோருக்கு வருவதில்லை. சர்க்கரை மூளையைப் பாதிக்கிறது, பாதிக்கப்பட்ட மூளை சர்க்கரையைக் கையாள முடியாமல் திணறுகிறது என்ற இந்த இருவழிப் பாதையைக் கவனிக்காமல் விடுவதால் வரும் தீங்குகளில் பல, தவிர்க்கக் கூடியவை.

முதல் தவறு, மறதியை மட்டுமே தேடுவது. "அப்பாவுக்கு ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையை அப்படியே சொல்கிறாரே" என்று பிள்ளைகள் சமாதானம் அடைகிறார்கள். நீரிழிவோடு வரும் தளர்ச்சியில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது பழைய நினைவு அல்ல; சிந்தனையின் வேகமும், திட்டமிடும் திறனும், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் ஆற்றலும்தான். காலை உணவு தாமதமானால் இன்சுலினையும் தாமதிக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தெரியாமல் நிற்பது, மீட்டரில் 62 என்று தாழ்ந்து வந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கு என்ன செய்வது என்று புரியாமல் வெறுமனே குறிப்பேட்டில் எழுதி வைப்பது, வழக்கமாக மூன்று நிமிடத்தில் முடியும் வங்கிப் படிவத்தோடு அரை மணி நேரம் போராடுவது ஆகியவையே தொடக்க அடையாளங்கள். எளிய நினைவாற்றல் கேள்விகள் மட்டும் கொண்ட சோதனையில் இப்படிப்பட்டவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். திட்டமிடும் திறனையும் சேர்த்து அளக்கும் மோக்கா போன்ற சோதனை இங்கே கூடுதலாகப் பயன்படும். 65 வயது கடந்த நீரிழிவு நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் அறிவாற்றலைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. அந்தச் சோதனையைக் காய்ச்சல் கண்ட நாளிலோ, சர்க்கரை இறங்கியிருக்கும் வேளையிலோ செய்தால் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை.

ஏன் இப்படி நேர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. அதைக் கொண்டுசேர்க்கும் நுண்ணிய இரத்தக்குழாய்களை நீண்ட காலச் சர்க்கரை தடிக்கவும் அடைக்கவும் செய்கிறது. வெளியே தெரியாத சிறுசிறு பக்கவாதங்கள் ஆழத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. இதோடு, இன்சுலினைச் சிதைக்கும் அதே நொதிதான் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தையும் சிதைக்கிறது என்பதால், இன்சுலின் அதிகமாகச் சுற்றும் உடலில் அமிலாய்டை அகற்றும் வேலை தடைப்படலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை வைத்து அல்சைமர் நோயை "மூன்றாம் வகை நீரிழிவு" என்று அழைப்பது பரவியிருக்கிறது. அது ஒரு கருதுகோளின் செல்லப்பெயரே தவிர, மருத்துவர் எழுதித் தரும் நோய்ப்பெயர் அல்ல.

இப்போது, மிக அதிகமான தீங்கு விளைவிக்கும் தவறுக்கு வருகிறேன். சர்க்கரை மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், "அப்படியானால் சர்க்கரையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்போம்" என்று முடிவெடுப்பதுதான் அது. தர்க்கமாகத் தோன்றும் இந்த எண்ணம் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வட அமெரிக்காவில் நடந்த அக்கார்டு ஆய்வில், எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரியை 6 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர ஒரு பிரிவினருக்குத் தீவிர மருந்துகள் கொடுக்கப்பட்டன. அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008-இல் தீவிரச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2011-இல் வெளியான அதன் மூளை சார்ந்த பகுதியில், தீவிரமாகக் குறைத்தவர்களின் மூளைச் சுருக்கம் சற்றுக் குறைவாக இருந்தபோதிலும் சிந்திக்கும் திறனில் எந்த ஆதாயமும் காணப்படவில்லை. மறுபக்கம், 2009-இல் கலிபோர்னியாவில் 16,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனை வரை கொண்டுசென்ற தாழ்சர்க்கரை ஒரு முறை வந்தவர்களுக்கும் டிமென்ஷியா வாய்ப்பு கூடியிருந்தது; பல முறை வந்தவர்களுக்கு இன்னும் கூடியிருந்தது. அறிவு தளர்ந்தவருக்குத்தான் தாழ்சர்க்கரை அடிக்கடி வருகிறது என்பதும் உண்மை என்பதால், எது காரணம் எது விளைவு என்று முழுவதுமாகப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாழ்சர்க்கரையை வரவிடக் கூடாது.

இளைஞருக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும். முதியவருக்கு இந்த எச்சரிக்கைகள் மங்கிப்போயிருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பு தெரியாமலே போகலாம். அதற்குப் பதிலாக அவர் சம்பந்தமில்லாமல் பேசுவார், எரிந்து விழுவார், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் விரல்களால் துழாவுவார், நடக்கையில் தள்ளாடுவார். வீட்டில் உள்ளவர்கள் "மறதி முற்றிவிட்டது" என்று நினைத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் தலையணை நனைந்திருந்தால், எழுந்ததும் தலைவலியும் குழப்பமும் இருந்து, சாப்பிட்ட பிறகு தெளிந்தால், இரவில் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். 54-க்குக் கீழே ஆபத்து. விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சுமார் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் குளுக்கோஸையே தயாராக வைத்திருப்பது நல்லது. மயங்கிய நிலையில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவசர உதவியை அழைக்க வேண்டும்.

தாழ்சர்க்கரைக்கு அதிகம் காரணமாகும் மருந்துகள் இன்சுலினும், சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும். அவற்றிலும் கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் உடலில் தங்குவதால், சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு ஒரு நாள் முழுவதும்கூடச் சர்க்கரை ஏறாமல் இழுத்தடிக்கும். நாற்பது வயதில் எழுதப்பட்ட மருந்துச்சீட்டு எண்பது வயதிலும் அப்படியே தொடர்வதைப் பல வீடுகளில் காணலாம். "எண் நன்றாக வருகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்" என்று எல்லோருக்கும் திருப்தி. எச்பிஏ1சி 6.2 என்று வருவது எண்பது வயதுக்காரருக்குப் பாராட்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இன்சுலினோ மேற்சொன்ன மாத்திரையோ சாப்பிடுபவராக இருந்தால் அது எச்சரிக்கை. உடலும் மனமும் திடமாக உள்ள முதியவருக்கு 7 முதல் 7.5 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது போதுமென்றும், பல நோய்களோ ஓரளவு அறிவுத் தளர்ச்சியோ உள்ளவருக்கு 8-க்குக் கீழ் என்றால் ஏற்கத்தக்கது என்றும், மிகவும் தளர்ந்தவருக்கு அந்த எண்ணையே நம்பியிராமல் தாழ்சர்க்கரையும் தொந்தரவு தரும் உயர்சர்க்கரையும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே இலக்கு என்றும் வழிகாட்டல்கள் கூறுகின்றன.

இதைக் கேட்டுவிட்டு "இனிச் சர்க்கரையைப் பார்க்கவே வேண்டாம்" என்று கைவிடுவதும் தவறுதான். சர்க்கரை மிக உயர்ந்தால் சிறுநீர் அதிகம் போய் உடல் வறண்டு, அந்த வறட்சியே குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது, மருந்தின் பொறுப்பைப் பற்றியது. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்ட பாட்டி, அரை மணி நேரம் கழித்துப் போட்டோமா இல்லையா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டுக்கொள்வது அபூர்வமல்ல. குப்பியும் சிரிஞ்சும் பொருந்தாமல் போவது இன்னொரு ஆபத்து: ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு உள்ள இன்சுலினை 40 அலகுக்கான சிரிஞ்சில் அதே கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. மங்கலான கண்ணும் தளர்ந்த கவனமும் சேர்ந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதும் நியாயமல்ல; ஊசியை அவரே போட்டுக்கொள்ளட்டும், அருகில் ஒருவர் நின்று எண்ணைப் பார்க்கட்டும், போட்டதும் நாட்காட்டியில் ஒரு கோடு போடட்டும். இவற்றையெல்லாம்விட மருந்து முறையையே எளிதாக்குவது பலன் தரும். நாளுக்கு நான்கு ஊசி போடும் ஒருவருக்கு மருத்துவர் அதை ஒரே ஊசியாகவும், தாழ்சர்க்கரை வராத மாத்திரையாகவும் மாற்றித் தர முடியலாம். அடிக்கடி சர்க்கரை இறங்குபவருக்குத் தொடர் கண்காணிப்புச் சென்சாரின் எச்சரிக்கை ஒலி, வீட்டில் உள்ளவர்கள் தூங்கும் நேரத்திலும் காவலிருக்கும்.

நீரிழிவு இருக்கிறது, தடுமாற்றமும் இருக்கிறது, எனவே டிமென்ஷியாதான் என்று அவசரப்பட்டு முத்திரை குத்துவது மற்றொரு தவறு. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவே மறதியையும் கால் மரத்துப்போவதையும் உண்டாக்கும், ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், காலத்தோடு கண்டால் பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். தைராய்டுக் குறைவும் மனச்சோர்வும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். காது கேளாதவர் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் தவறான பதில் சொல்வதும் மறதியாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று இடம் தெரியாமல் பேசினால் அது டிமென்ஷியாவின் போக்கு அல்ல. உடனே சர்க்கரையை அளந்து பார்த்து, அது சரியாக இருந்தால் சிறுநீர்த்தொற்று, நுரையீரல் தொற்று, பக்கவாதம், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை என்று தேடியாக வேண்டும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூளைக்கென்று தனி மருந்தைத் தேடிப் பணத்தைச் செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள். மூக்கு வழியாகத் தெளிக்கும் இன்சுலின் 2020-இல் வெளியான பெரிய சோதனையில் பலன் தரவில்லை. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட செமாகுளுடைடு என்ற நீரிழிவு மருந்து, தொடக்கநிலை அல்சைமர் நோயின் போக்கைத் தடுக்கவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. நீரிழிவுக்கு அந்த மருந்து பொருத்தமா என்பது வேறு கேள்வி. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டபோது, நீரிழிவோடு உயர் இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், உடலுழைப்பின்மை, கேட்புக்குறைவு, பார்வைக்குறைவு, தனிமை ஆகியவையும் அதில் இருந்தன. சர்க்கரை எண்ணை மட்டும் துரத்திக்கொண்டு, 160-ஐத் தாண்டிய இரத்த அழுத்தத்தையும் அலமாரியில் தூங்கும் காதுக்கருவியையும் கண்டுகொள்ளாமல் விடுவதில் என் பார்வையில் எந்த நியாயமும் இல்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்துச்சீட்டை மட்டும் கொண்டுபோனால் பாதி விவரம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய எண்களைச் சேமித்து வைத்திருக்கும் மீட்டரையும், அவரோடு அன்றாடம் இருக்கும் ஒருவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நோயாளி சொல்லும்போது, எந்த நேரத்தில் குழம்புகிறார், அப்போது எண் என்ன காட்டியது என்று சொல்ல அந்த மூன்றாமவரால்தான் முடியும். எந்த மருந்தைச் சேர்க்கலாம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், சர்க்கரையைத் தாழ்த்தக் கூடியது எது, அதன் அளவைக் குறைக்கலாமா, நிறுத்தவே செய்யலாமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம் கேட்காமல் வீட்டில் தாமாக எதையும் நிறுத்தாதீர்கள்.