"செங்கோட்டை வரலாறு புக் இருக்கா சார்?": நூலகத்தில் ஒரு தேடலுக்குத் துணை நிற்பது எப்படி

கேரள எல்லையோரக் கிளை நூலகங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், வாசகர் வட்டத்திலிருந்து உதவ வருபவர்களுக்கும் இந்தச் செய்முறை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளித் திட்டப்பணிக்காக வந்து தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கைக்குக் கிடைத்த நூலை எடுத்துக் கொடுத்தால் இரண்டு பக்கம் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவாள். எதையும் தேடியிருக்க மாட்டாள்.

வேண்டியவை: ஒரு மேசை, வெள்ளைத்தாள், அஞ்சலட்டை அளவில் வெட்டிய 20 அட்டைகள், அரைமணி நேரம் வீதம் மூன்று நாள்.

1. உட்காரவைத்துப் பேசுங்கள்

"எதுக்கும்மா வேணும்?", "இதுல உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?", "எதைத் தெரிஞ்சுக்க ஆசை?" இந்த மூன்றும் போதும். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விகளைத் தவிருங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் நாம் பேசிவிட்டால் கேள்வி நம்முடையதாகிவிடும்.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

'வரலாறு' மிகப் பெரியது. யாருக்கு, எப்போது, எதனால் என்பவற்றில் இரண்டையாவது சேர்க்கச் சொல்லுங்கள். "1956-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பள்ளிக்கூடங்களில் என்ன மாறியது?" என்பது நல்ல அளவு. "எந்த ஆண்டு சேர்ந்தது?" என்பது ஒரு வரியில் முடிந்துவிடும், அது தேடலுக்குப் போதாது. தாளில் அவள் சொற்களிலேயே எழுதட்டும்.

3. தேடுசொற்களைப் பட்டியலிடுங்கள்

எல்லை ஊர்களில் தேடல் பெரும்பாலும் இங்கேதான் முட்டிக்கொள்ளும். இணையத்தில் 'செங்கோட்டை' என்று மட்டும் போட்டால் டில்லிக் கோட்டையே வந்து நிற்கும். 'தென்காசி', 'திருவிதாங்கூர்', 'புனலூர்' இவற்றில் ஒன்றைக் கூடவே சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'Sengottai' என்று இன்று எழுதும் எழுத்துகளோடு, 'Shencottah' என்ற பழைய எழுத்துக்கூட்டலையும் தேட வேண்டும்.

அடுத்து, எந்த ஆண்டில் ஊர் யாரிடம் இருந்தது என்று ஒரு கோடு வரையுங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம், பிறகு திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். இதனால்தான் 1917-இல் வந்த எச்.ஆர். பேட்டின் திருநெல்வேலி கெசட்டியரில் (மாவட்ட விவரநூலில்) செங்கோட்டைத் தாலுகாவைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1906-இல் வந்த நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் மேனுவலைப் (சமஸ்தான விவரநூலைப்) புரட்ட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கோ திருநெல்வேலியின் கீழ் இருக்கும். இரண்டு பழைய நூல்களும் ஆங்கிலத்தில் இருப்பதால், கடைசியிலுள்ள சொல்லடைவைப் பார்க்க நீங்கள் கூட இருங்கள். பக்கத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அவளுடையதாகவே இருக்கட்டும்.

4. குழப்பம் வரும், விட்டுவிடாதீர்கள்

நான்கைந்து நூல்களைப் பார்த்ததும் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். தேடுவோரின் மனநிலையை ஆராய்ந்த அமெரிக்க நூலகவியலாளர் கேரல் குல்தாவ், தேடலின் நடுவில் தெளிவு கூடுவதற்குப் பதிலாக ஐயமே கூடுகிறது என்று காட்டினார். அந்த நேரத்தில் இன்னொரு கட்டு நூலைக் கொடுப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற தவறு. கையிலிருப்பதில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அலமாரிக்கு அனுப்புங்கள். "இதுவரைக்கும் என்ன புரிஞ்சுது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லச் சொல்லக் கேள்வி மாறினால் மாறட்டும். பழையதை அடித்துவிட்டுப் புதியதைக் கீழே எழுதலாம்.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது இந்திய நூலகவியலாளர் ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட, நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது. விடையைக் கையில் திணிக்க அதைச் சாக்காக்கக் கூடாது. வீண் அலைச்சலைத்தான் நாம் மிச்சப்படுத்த வேண்டும், யோசிக்கும் நேரத்தை அல்ல.

5. அட்டைக்கு ஒரு செய்தி

முன்பக்கம் செய்தி, பின்பக்கம் நூலின் பெயர், ஆண்டு, பக்கம். 'இணையம்' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். தளத்தின் பெயரும் பார்த்த தேதியும் வேண்டும். இரண்டு அட்டைகள் முரண்பட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதியவர் எல்லைக்கு எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று பார்க்கச் சொல்லுங்கள்.

6. ஆட்களிடம் அனுப்புங்கள்

1956-இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதை ஒட்டியிருப்பார்கள். ஐந்து கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு அவள் போய்க் கேட்கட்டும். "தாத்தா, நீங்க எந்த மொழியில படிச்சீங்க?" போன்ற எளிய கேள்வியில் தொடங்கினால் பேச்சு வளரும். அனுமதி கேட்டுத்தான் ஒலிப்பதிவு. பழைய மலையாளப் பாடநூலோ சான்றிதழோ வெளிவந்தால் படமெடுத்து வரச்சொல்லி, மலையாளம் படிக்கத் தெரிந்த வாசகர் ஒருவரை உரக்கப் படித்துக்காட்டக் கேளுங்கள்.

7. பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள்

முடிந்த கட்டுரையின் பிரதியை, அட்டைப் பட்டியலோடு, உள்ளூர் வரலாறு என்று எழுதிய கோப்பில் சேருங்கள். எங்கே தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் அவளே ஒரு தாளில் எழுதி இணைக்க வேண்டும். அடுத்து வரும் பிள்ளை அதிலிருந்து தொடங்கலாம்.