காரின் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்றும் முறை

இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் வேலை உராய்வைக் குறைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள வெப்பத்தை வாங்கிக் கீழே கொண்டுவருவதும், எரிதலில் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும், உலோகப் பரப்புகளைத் துருவிலிருந்து காப்பதும் அதுதான். இவற்றுக்காக அதில் கலந்துள்ள சேர்மானங்கள் வண்டி ஓட ஓடத் தீர்ந்துபோவதால்தான் குறித்த காலத்தில் ஆயிலை மாற்ற வேண்டியிருக்கிறது. நிறம் கறுத்துவிட்டது என்பதற்காக அல்ல. டீசல் இன்ஜினில் புதிதாக ஊற்றிய ஆயில்கூட மிக விரைவிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது என்பதே அதன் பொருள்.

இந்த வேலைக்குப் பெரிய பலமோ நீண்ட அனுபவமோ தேவையில்லை. இது கெடுவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான்: ஆயிலை வடிக்கும் போல்ட்டின் வாஷரிலும், ஃபில்டரின் ரப்பர் வளையத்திலும். இந்த இரண்டு இணைப்புகளுக்கும் உரிய கவனத்தைக் கொடுப்பவர் முதல் முறையிலேயே நன்றாகச் செய்துவிடலாம்.

முதலில் ஆயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டியுடன் வந்த கையேட்டில் மூன்று செய்திகள் இருக்கும்: பாகுநிலை (ஆயில் எவ்வளவு கெட்டி என்பது), தரக்குறியீடு, அளவு. 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. கெட்டியான ஆயில் இன்ஜினுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் என்று பலர் நம்புகிறார்கள். மெல்லிய ஆயிலுக்காக நுண்ணிய இடைவெளிகளோடு வடிவமைக்கப்பட்ட இக்கால இன்ஜினில் கெட்டியானதை ஊற்றினால், ஸ்டார்ட் செய்தவுடன் அது மேற்பகுதிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால், இந்த நம்பிக்கையைக் கைவிட்டுக் கையேட்டின்படி நடப்பதே நல்லது. ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) தரக்குறியீட்டில் எஸ் எழுத்தில் தொடங்குபவை பெட்ரோல் இன்ஜினுக்கும், சி எழுத்தில் தொடங்குபவை டீசல் இன்ஜினுக்கும் உரியவை. 2020இல் வந்த எஸ்பி தரத்தை, அதற்கு முந்தைய எஸ்என் தரம் கேட்கும் பெட்ரோல் வண்டிகளிலும் ஊற்றலாம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய டீசல் வண்டியாக இருந்தால், சாம்பல் குறைவான ஆயிலைத்தான் வாங்க வேண்டும்; மற்றவை அந்த வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும்.

ஆயிலோடு புதிய ஃபில்டரையும், வடிகால் போல்ட்டுக்கான புதிய வாஷரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். போல்ட்டின் அளவுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட், ஃபில்டரைக் கழற்றும் ரெஞ்ச், வண்டியில் உள்ள மொத்த ஆயிலையும் கொள்ளக்கூடிய அகன்ற தட்டு, புனல், கையுறை, பழந்துணி ஆகியவையும் வேண்டும். திறந்த வாய் ஸ்பேனர் போல்ட்டின் முனைகளை மழுக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவும்.

வண்டியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கான கருவியே தவிர, தாங்கி நிற்பதற்கானது அன்று. அது எந்த நொடியிலும் சரியலாம், இறங்கலாம். ஆகவே கையேடு காட்டும் இடங்களில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியின் எடையை அவற்றின்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்து, ஆட்டமில்லை என்று உறுதிசெய்தபின் மட்டுமே அடியில் செல்லுங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்று இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். இதில் நான் எந்த விலக்கும் சொல்லமாட்டேன்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் ஆறவிடுவது நல்லது. இளஞ்சூடான ஆயில் தடையின்றி வடியும். அடியில் தங்கிய அழுக்கையும் தன்னுடன் கொண்டுவரும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியென்றால் ஆயில் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும் என்பதால் இன்னும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும். போனட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வைத்துவிட்டால், மேலிருந்து காற்று புகுந்து கீழே ஆயில் சீராக இறங்கும். மூடி திறந்திருப்பதைக் காண்பதே, ஆயில் ஊற்றாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பதற்கான நினைவூட்டலும் ஆகும்.

அடியில் போனதும் போல்ட்டை அடையாளம் காண்பதில் அவசரப்படாதீர்கள். கியர்பாக்ஸுக்கும் இதே போன்ற வடிகால் போல்ட் உண்டு. அதைத் தவறுதலாகக் கழற்றி கியர் ஆயிலை வடித்துவிட்டு, இன்ஜினில் பழைய ஆயிலுக்கு மேலேயே புதியதை ஊற்றினால் இரண்டுக்கும் கேடு. இன்ஜினின் அடியில் தொங்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் உள்ளதுதான் நமக்கு வேண்டிய போல்ட். அதன் தலையை நேராகப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஸ்பேனரால் தளர்த்தி, பிறகு விரலால் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றி, மரை முழுதும் விட்டதும் சட்டென்று கையைப் பக்கவாட்டில் விலக்குங்கள். ஆயில் முதலில் தூரமாகப் பாய்ந்து, பின்னர் நேர்கீழாக விழும் என்பதால் தட்டைச் சற்று முன்னே தள்ளி வைத்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் வடியட்டும்.

அந்த நேரத்தில் வடிந்த ஆயிலைப் பார்வையிடுங்கள். பால் கலந்தது போன்ற நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீரோ, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டோ கலந்திருக்கிறது. விரலுக்கு நெருடும் உலோகத் துணுக்குகள் இருந்தால் உட்பாகங்கள் தேய்கின்றன. இரண்டுமே மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டியவை.

போல்ட்டைத் துடைத்து, பழைய வாஷர் சம்ப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, புதிய வாஷரை மாட்டுங்கள். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது; ஏற்கெனவே நசுங்கியது மறுமுறை அதே அளவுக்கு இடம்கொடுக்காது. போல்ட்டைக் கையாலேயே பல சுற்றுகள் ஏற்ற வேண்டும். தொடக்கத்திலேயே இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அறிந்து, கழற்றி மறுபடி தொடங்குங்கள். பல வண்டிகளில் சம்ப் அலுமினியம், போல்ட் எஃகு. மிகையாக முறுக்கினால் தேய்வது சம்ப்பின் மரைதான். கையேடு சொல்லும் அளவுக்கு, பல சிறிய கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவதே சரி.

அடுத்தது ஃபில்டர். தட்டை அதன் அடியில் நகர்த்திவிட்டுக் கழற்றுங்கள், அதற்குள்ளும் ஆயில் இருக்கும். கழற்றிய கையோடு அதன் முகத்தைத் திருப்பி, ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது இந்த வேலையின் மிக முக்கியமான நொடி. வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனியாமல் அதன்மேல் புதிய ஃபில்டரை ஏற்றினால், இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகி, முதலில் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, ஆயில் அழுத்தம் ஏறியதும் பிதுங்கி, சில நிமிடங்களில் இன்ஜினின் ஆயில் மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடக்கூடும். இன்ஜின் பக்க முகத்தைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள்.

புதிய ஃபில்டரின் வளையத்தில் புதிய ஆயிலை மெலிதாகப் பூசுங்கள். உலர்ந்த ரப்பர் சுற்றும்போது முறுக்கிக்கொள்ளும். கையால் ஏற்றி, வளையம் முகத்தைத் தொட்டது தெரிந்தபின் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். சரியான அளவு அதன் உடலிலோ பெட்டியிலோ அச்சிடப்பட்டிருக்கும். ரெஞ்ச் கழற்றுவதற்குத்தான், இறுக்குவதற்கு அன்று. கூட்டுக்குள் தாள் வடிகட்டியை மட்டும் மாற்றும் வகையென்றால், மூடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றி, குறித்த அளவுக்கு மூடியை இறுக்க வேண்டும்.

கையேட்டில் சொன்ன அளவில் சுமார் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, மூடியை மூடி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். வேகம் கொடுக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காமல் வெளியிலிருந்தே போல்ட்டையும் ஃபில்டரையும் விளக்கடித்துப் பாருங்கள். பின்னர் இன்ஜினை அணைத்து, வண்டியைச் சமதரைக்கு இறக்கி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து நுழைத்து அளவு பார்த்து, மேல்கோட்டைத் தாண்டாமல் சிறிது சிறிதாக நிரப்புங்கள். கூடுதலாக ஊற்றினால் உள்ளே சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும்; நுரைக்கு அழுத்தமும் இல்லை, வழுக்கும் தன்மையும் இல்லை.

பழைய ஆயிலை, புதிய ஆயில் வந்த காலிக் கேனிலேயே ஊற்றி இறுக மூடி, கழிவு ஆயிலைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுத்துவிடுங்கள். பழைய ஃபில்டரையும் வாய் கீழாகக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு அங்கேயே சேர்க்கலாம். சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு துளியும் கொட்டக்கூடாது, ஏனெனில் அது நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும். பயன்படுத்திய ஆயிலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் சேர்கின்றன என்பதால் கைகளைச் சோப்பால் நன்கு கழுவுங்கள்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவைத்து, ஆயில் வாங்கிய ரசீதை அதனுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி காலத்தில் அது சான்றாகும். டாஷ்போர்டில் சர்வீஸ் நினைவூட்டல் ஒளிரும் வண்டியென்றால், அதையும் கையேட்டின்படி மீட்டமைக்க வேண்டும். அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அதில் கறை இல்லையென்றால், ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கலாம்.