தகர டப்பாவில் மரக்கரி சுடுவது எப்படி?

காற்றுப்பட எரிந்த விறகு சாம்பலாகும். காற்றை அடைத்துச் சூடேற்றினால் அதே விறகு கரியாகும். மரத்திலுள்ள நீர், தார், வாயுக்கள் எல்லாம் வெளியேறிவிட, பெரும்பாலும் கார்பன் மட்டுமே தங்குகிறது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவாகும் நிலக்கரி வேறு. இது ஒரே நாளில் முடிகிற வேலை.

இறுக்கமான மூடியுள்ள தகர டப்பா, நன்கு காய்ந்த குச்சிகள், திறந்தவெளியில் விறகுத் தீ ஆகியவை போதும். துத்தநாகம் பூசிய டப்பா மட்டும் வேண்டாம். சூட்டில் அது விடும் புகை நஞ்சு.

1. குச்சிகளை விரல் பருமனில் நறுக்கி, டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். ஈரக் குச்சி என்றால் தண்ணீரை விரட்டுவதிலேயே தீ வீணாகும்.

2. மூடியில் ஓர் ஆணித்துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே சேரும் வாயு மூடியைத் தூக்கி எறிந்துவிடும்.

3. டப்பாவைத் தீயில் வைத்துத் துளையைக் கவனியுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் நீராவி. உள்ளே ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் தானாகவே வெப்பத்தை வெளியிட்டுச் சிதையத் தொடங்கும். புகை அடர்ந்து மஞ்சளாகும். அதில் தீப்பற்றித் துளையின் வாயில் சுடர் நின்று எரியலாம். பயப்பட வேண்டாம், வேலை சரியாக நடக்கிறது. சுடர் அணைந்து புகையும் ஓய்ந்தால் கரி தயார். கடிகாரத்தைவிடப் புகையை நம்புங்கள்.

4. இடுக்கியால் டப்பாவை வெளியே எடுத்துத் துளையை ஈரக் களிமண்ணால் அடையுங்கள். முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள். அவசரப்பட்டால் காற்றுப் புகுந்து கரி கனன்று சாம்பலாகிவிடும்.

ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளும் புறமும் கறுப்பாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்பு தெரிந்தால் மீண்டும் தீயில் வையுங்கள். காய்ந்த மரத்தின் எடையில் கால் பங்கு கரி கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

கரியின் வகையை மரமும் வெப்பமும் முடிவு செய்கின்றன. வில்லோ மரம், திராட்சைக் கொடி ஆகியவற்றின் குச்சிகளில் சுட்டது ஓவியம் வரைய ஏற்றது. கடின மரக்கரி சமையலுக்கு நின்று எரியும். கரித்தூளை மாவுப்பசையில் பிசைந்து அழுத்தினால் கரிக்கட்டி. சீராக எரியும், சாம்பல்தான் அதிகம். ஜப்பானின் பின்சோட்டான் என்ற கரி, ஓக் மரத்தைப் பல நாள் சுட்டு, இறுதியில் சுமார் 1,000 டிகிரிக்கு ஏற்றி எடுப்பது. தட்டினால் உலோகம்போல ஒலிக்கும்.

குடிநீர் வடிகட்டியிலும் மருந்திலும் பயன்படும் செயலூட்டிய கரியை வீட்டில் எதிர்பார்க்காதீர்கள். 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி அதன் நுண்துளைகளைத் திறக்கிறார்கள். அதனால் ஒரு கிராமின் உட்பரப்பே 500 சதுர மீட்டரைத் தாண்டும். நீங்கள் சுட்ட கரி குடிநீர் வடிகட்டிக்கும் ஆகாது, மருந்துக்கும் ஆகாது. தோட்டத்துக்கு ஆகும், ஆனால் பொடித்து, மட்கிய உரத்தில் சில வாரம் ஊறவைத்த பிறகே மண்ணில் சேருங்கள். வெறும் கரி தொடக்கத்தில் பயிருக்கான சத்தைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும்.

எரிக்கும்போது ஒரே கண்டிப்பு: ஜன்னல் திறந்திருந்தாலும் அறைக்குள் கரியடுப்பு கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.