சின்ன பனியன் கம்பெனிக்கு எச்.ஆர் பிளான் போடறது எப்படி

நாப்பது பேர் வேலை பாக்கற யூனிட்டுக்கு எச்.ஆர், அதாவது ஆள் எடுக்கறது, தக்க வெச்சுக்கறது எல்லாம் எதுக்குன்னு திருப்பூர்ல நெறய பேர் கேக்கறாங்க. ஆர்டர் கைல இருக்கும், துணி வந்து எறங்கிருக்கும், ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்கார ஆள் இருக்காது, அப்பத்தான் தெரியுங்க எதுக்குன்னு.

மொதல்ல ஒரு நோட்டு எடுங்க. போன தீபாவளிலருந்து யார் யார் வேலைய விட்டு நின்னுட்டாங்க, எந்த மாசம், என்ன காரணம்னு எழுதுங்க. காரணத்த நீங்களா எழுதாதீங்க, போன் போட்டு அவங்ககிட்டயே கேளுங்க. சம்பளம் பத்தலன்னுதான் நாம நெனச்சுட்டு இருப்போம், ஆனா சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டினாரு, ரூம்ல தண்ணி வரல, சனிக்கிழமை சம்பளக் கணக்குல நான் தெச்ச பீஸ் எண்ணிக்கை கொறஞ்சுதுன்னு வேற வேற வரும். பீஸ் கணக்க தினமும் சாயங்காலம் டைலர்கிட்டயே காட்டி கையெழுத்து வாங்கிட்டா சனிக்கிழமை சண்ட பாதி கொறஞ்சிடும், இதுக்கு ஒரு ரூபா செலவு இல்லீங்க.

அடுத்து, ஆர்டர் டெலிவரி தேதியயும் பண்டிகையயும் ஒரே காலண்டர்ல குறிங்க. பொங்கல், தீபாவளி மட்டும் பாத்தா பத்தாது, பீகார் பசங்க இருந்தா ஹோலி, சட் பூஜையும் சேத்துக்கணும். அந்த வாரத்துக்கு யார் யார் இருப்பாங்கன்னு ரெண்டு மாசம் முன்னாடியே பேசிடுங்க.

ஒவ்வொரு ஹெல்பருக்கும் ரெண்டாவதா ஒரு வேலை பழக்குங்க, செக்கிங் அக்கா ஒருத்தர் பவர் டேபிள் தையல் மெஷின்ல உக்கார கத்துக்கிட்டா ஒரு ஆள் லீவு போட்டாலும் லைன் நிக்காது. பழகற நாள்ல பீஸ் ரேட் போடாதீங்க, ஷிப்ட் சம்பளம் குடுங்க, இல்லன்னா யாரும் பழக வரமாட்டாங்க.

10 பேர் இருந்தா இ.எஸ்.ஐ (தொழிலாளிக்கு வைத்தியக் காப்பீடு), 20 பேர்னா பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி), இத தள்ளிப்போடவே கூடாது. 12,000 ரூபா சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ-ல தொழிலாளி பங்கு 90 ரூபா, உங்க பங்கு 390. சம்பளத்துல பிடிக்கறாங்கன்னு தொழிலாளிங்க கோவப்படுவாங்க, அந்த இ.எஸ்.ஐ கார்டுல குடும்பத்துக்கே வைத்தியம் பாக்கலாம்னு ஒரு தடவ உக்காந்து சொல்லுங்க. 10 பேர் இருந்தா, பொண்ணுங்க பாலியல் தொல்லை பத்தி புகார் சொல்றதுக்கான உள்புகார் கமிட்டியும் கட்டாயம், அதுக்கு தலைவர் ஒரு பொண்ணாதான் இருக்கணும்.

தீபாவளிக்கு போனஸ் குடுக்கற அன்னிக்கே திரும்பி வர்ற தேதிய கேட்டு நோட்டுல எழுதி, தூரத்து ஊர்க்காரங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட்டும் போட்டுக் குடுத்து அனுப்புங்க.